வளரும் வயதில் வரும் பேய்: 'கேரி' வழியாக ஒரு திகில் பட வகையைப் புரிந்துகொள்ளுதல்

1976ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'கேரி' என்ற திகில் படம், பேயையோ பிணத்தையோ பாழடைந்த வீட்டையோ காட்டித் தொடங்குவதில்லை. பள்ளியில் விளையாட்டு வகுப்பு முடிந்து மாணவிகள் குளித்து உடை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியாகத் தனியே நின்று குளிக்கும் கேரி ஒயிட் என்ற பெண்ணின் காலில் ரத்தம் வழிகிறது. அது மாதவிடாய் என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய தாய் அதைப் பற்றி அவளிடம் எதுவுமே சொன்னதில்லை. சாகப்போகிறோம் என்று பயந்து, ரத்தக் கையோடு ஓடிவந்து சக மாணவிகளைப் பிடித்துக்கொண்டு உதவி கேட்கிறாள். அவர்களோ சிரிக்கிறார்கள், நாப்கின்களை அள்ளி அவள்மீது வீசி, ஒரே குரலில் கத்திக் கேலி செய்கிறார்கள். சுவரோரம் ஒடுங்கிக் கிடக்கும் அவளை ஆசிரியை வந்து தேற்றப் பார்க்கிறார். அவள் வீறிட்டு அலறும் நொடியில், தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கு வெடித்துச் சிதறுகிறது.

இந்தச் சில நிமிடங்களுக்குள் ஒரு முழுப் பட வகையின் இலக்கணமே அடங்கியிருக்கிறது. குழந்தைப் பருவத்தைக் கடந்து பெரியவராகும் காலத்தைச் சொல்லும் கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. முதல் காதல், முதல் அவமானம், பெற்றோரோடு வரும் முதல் பெரிய மோதல், உடலில் தோன்றும் மாற்றம், நம்மை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்ற ஏக்கம் ஆகியவையே அவற்றின் பொருள். இதே பொருளை எடுத்துக்கொண்டு, அந்த மாற்றத்தைச் சூனியமாகவோ, ரத்தக்காட்டேரியாகவோ, ஓநாய் உருவாகவோ, பொருள்களை மனத்தாலேயே அசைக்கும் ஆற்றலாகவோ காட்டும் படங்களைத்தான் பருவ வயதுத் திகில் படங்கள் என்று இங்கே குறிப்பிடுகிறேன். பயமுறுத்துவதோடு நின்றுவிடும் படங்களிலிருந்து இவை ஒரு முக்கியமான இடத்தில் விலகுகின்றன. யாரைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமோ, அதே ஆளுக்காக நாம் இரங்கவும் வேண்டும் என்று இவை கேட்கின்றன. அச்சத்தையும் இரக்கத்தையும் ஒருசேரச் சுமக்கப் பார்வையாளர்கள் ஒப்புக்கொண்டார்களா, மறுத்தார்களா என்பதைப் பொறுத்தே இப்படங்களின் வெற்றியும் தோல்வியும் அமைந்து வந்திருக்கின்றன என்பது என் கருத்து.

யாருடைய கண்ணால் பார்க்கிறோம்

இவ்வகையைப் புரிந்துகொள்ள, 'கேரி'க்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்து உலகையே உலுக்கிய 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. வில்லியம் ஃபிரெட்கின் இயக்கிய அந்தப் படத்திலும் ரீகன் என்ற 12 வயதுச் சிறுமிதான் நடுவில் இருக்கிறாள்; அவள் உடலும் பேச்சும் நடத்தையும் ஒரேயடியாக மாறிப்போகின்றன. ஆனால் அந்த மாற்றத்தை நாம் அவளுடைய தாயின் கண்ணாலும், பேயோட்ட வரும் பாதிரியார்களின் கண்ணாலும் பார்க்கிறோம். கெட்ட ஆவி வெளியிலிருந்து வந்து அவளுக்குள் புகுந்தது. அதை விரட்டிவிட்டால் பழைய குழந்தை திரும்பக் கிடைத்துவிடுவாள். படத்தின் பதற்றம் முழுவதும் அந்த மீட்பு நடக்குமா நடக்காதா என்பதில்தான் இருக்கிறது.

'கேரி'யில் வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. கேரியின் ஆற்றல் அவளுடைய சொந்த ஆற்றல். அவள் பெரிய பெண்ணாகும் நாளிலேயே அதுவும் விழிக்கிறது. அதை ஓட்டி விரட்ட முடியாது, அவளைப் பழைய சிறுமியாக்கவும் முடியாது. அதோடு, கதையின் பெரும்பகுதியை நாம் அவள் பக்கத்தில் நின்றே பார்க்கிறோம். ஆகவே ஒரு படம் இவ்வகையைச் சேர்ந்ததா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும். மாறிக்கொண்டிருப்பவரின் பார்வையில் கதை நடக்கிறதா? அந்த மாற்றத்தைத் திருப்பிப் போட முடியாது என்று படம் ஒப்புக்கொள்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால், அதில் எத்தனை பேய் வந்தாலும் அது வளரும் பருவத்தின் கதைதான்.

ஸ்டீபன் கிங் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் நாவலே இந்தப் படத்துக்கு மூலம். கடிதங்கள், செய்திகள், விசாரணை அறிக்கைகள் என்று ஆவணங்களை இடையிடையே வைத்துச் சொல்லப்பட்ட கதை அது. இயக்குநர் பிரையன் டி பால்மாவும் திரைக்கதை எழுதிய லாரன்ஸ் டி. கோஹனும் அந்த ஆவண அமைப்பைக் கைவிட்டு, கேரியின் பின்னாலேயே நேராக நடந்தார்கள். திரையரங்கில் உட்கார்ந்திருப்பவர் ஒரு விசாரணை அதிகாரியைப்போல எட்ட நின்று பார்க்காமல், அவளோடு சேர்ந்து வகுப்பிலும் வீட்டிலும் ஒடுங்க வேண்டியிருப்பதற்கு இந்த முடிவே காரணம்.

அமானுஷ்யம் இப்படத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனித்தால், எழுதப்படாத ஒரு விதி கண்ணில் படும். கேரி சினந்தபோதெல்லாம் பொருள்கள் அசைவதில்லை. அவள் சிறுமைப்படுத்தப்படும்போதுதான் அசைகின்றன. குளியலறைச் சம்பவத்துக்குப் பிறகு பள்ளி முதல்வர் அவளிடம் பரிவோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு அவள் பெயரையே திரும்பத் திரும்பத் தவறாகச் சொல்கிறார். மேசைமேல் இருந்த சாம்பல் கிண்ணம் எகிறி விழுகிறது. தெருவில் ஒரு பொடியன் அவளைக் கேலி செய்துகொண்டே சைக்கிளில் போகிறான். சைக்கிளோடு குப்புற விழுகிறான். ஒவ்வொரு முறையும் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தை நினைவூட்டும் வயலின் கீறல் ஒலிக்கிறது. அவள் படிக்கும் பள்ளிக்கு வைத்த 'பேட்ஸ்' என்ற பெயரும் அந்தப் படத்தின் நாயகனுடையதுதான். நூலகத்துக்குப் போய்த் தன் ஆற்றலைப் பற்றிப் புத்தகம் தேடிப் படிக்கும் காட்சி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. தன் உடலில் என்ன நடக்கிறது என்பதை யாரிடமும் கேட்க முடியாத ஒரு பெண் புத்தக அலமாரியை நம்புவது, எந்த மந்திரமும் இல்லாமலே நம் எல்லாருக்கும் புரியக்கூடியது.

வீட்டில் தாய் மார்கரெட், மகளின் மாதவிடாயைப் பாவத்தின் அடையாளம் என்று சொல்லி, அவளைக் கைப்பிடித்து இழுத்துப்போய் இருட்டான சிறிய பூஜை அறையில் அடைத்துப் பூட்டுகிறாள். அம்புகள் தைத்த புனிதர் சிலை ஒன்று அதற்குள் இருக்கிறது. 'தி ஹஸ்லர்' படத்துக்குப் பிறகு சுமார் 15 ஆண்டுகள் திரைப்படங்களிலிருந்து விலகியிருந்த பைப்பர் லாரி இந்த வேடத்தில் நடித்தார். தாயின் கொடுமைக்குள் ஒரு பெரும் பயமும், மகள்மீது கோணலான ஓர் அன்பும் இருப்பதை அவர் மறைக்கவில்லை. அதனால்தான் கேரி அவளை முற்றாக வெறுக்க முடியாமல் தவிக்கிறாள், நாமும் தவிக்கிறோம்.

வாளியும் கயிறும்

படத்தின் உச்சம் பள்ளி இறுதி ஆண்டு நடன விழா. அமெரிக்கப் பதின்வயதினருக்கு அந்த விழா, தாங்கள் பெரியவர்களாகிவிட்டோம் என்று ஊரறிய நடக்கும் சடங்கு. குளியலறையில் தானும் சேர்ந்து கேலி செய்ததற்காக வருந்தும் சூ ஸ்னெல், தன் காதலன் டாமி ராஸை கேரியை அழைத்துப் போகச் சொல்கிறாள். தண்டனையாக விழாவுக்கே வரக்கூடாது என்று தடுக்கப்பட்ட கிறிஸ் ஹார்கென்சன், பன்றி ரத்தம் நிரம்பிய வாளியை மேடைக்கு மேலே உத்தரத்தில் ஏற்றி வைத்து, அதை இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் காதலனோடு மேடைக்கு அடியில் ஒளிந்திருக்கிறாள்.

இந்த இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வாளி எங்கே இருக்கிறது என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும், கேரிக்குத் தெரியாது. அவளும் டாமியும் விழாவின் அரசன், அரசியாக அறிவிக்கப்பட்டதும் காட்சி வேகம் தளர்ந்து, அவர்கள் மேடைக்கு நடந்து போவது முழுவதும் மிக மெதுவான ஓட்டத்தில் நடக்கிறது. வாழ்நாளில் முதல்முறையாக அவள் மனம்விட்டுச் சிரிக்கிறாள். விழா நன்றாக நடக்கிறதா என்று பார்க்க வந்து ஓரமாக நிற்கும் சூ, அசையும் கயிறு ஒன்றைக் காண்கிறாள். அவள் கண் கயிற்றோடு மேலே ஏறி வாளியைப் பார்க்கிறது, கீழே இறங்கி மேடைக்கு அடியில் இருக்கும் கிறிஸ்ஸைப் பார்க்கிறது. ஓடிப்போய்த் தடுக்க முயல்கிறாள். அந்தக் கணத்தில், கேரிமீது உண்மையான பரிவு கொண்ட ஆசிரியை மிஸ் காலின்ஸ், சூ ஏதோ விஷமம் செய்ய வந்திருக்கிறாள் என்று தவறாக எண்ணி, அவளைக் கையைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார். நல்லெண்ணம் கொண்ட இருவரும் ஒருவரை ஒருவர் நம்பாததால்தான் அந்த வாளி கவிழ்கிறது.

ரத்தம் கொட்டிய பிறகு ஒலி அடங்குகிறது. எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தாய் எச்சரித்த குரல் கேரியின் காதில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அவள் கண்ணுக்கு அரங்கமே சிரிக்கிறது, ஆசிரியைகூடச் சிரிக்கிறார். கூர்ந்து பார்த்தால், கூட்டத்தில் பெரும்பாலானோர் உறைந்துபோய் நிற்பதையும் சிலர் மட்டுமே சிரிப்பதையும் உணரலாம். சுழலும் கண்ணாடிச் சில்லுகளைப்போல உடைந்து தெரியும் அந்தக் காட்சி அவளுடைய பார்வை. அது நடந்ததன் பதிவு அன்று. அடுத்து கதவுகள் அடைபடுகின்றன, திரை இரண்டாகப் பிளந்து ஒரு பக்கம் அவள் முகத்தையும் மறுபக்கம் அழிவையும் காட்டுகிறது. அவள்மீது அன்பு காட்டிய ஆசிரியையும் அந்தத் தீயிலும் இடிபாட்டிலும் சாகிறார். படம் தன்னுடைய நாயகியை நியாயப்படுத்த மறுப்பது இங்கேதான். வாளி கவிழ்ந்தபோது அவளுக்காகத் துடித்த நாம், ஆசிரியை செத்த பிறகு யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நிற்கிறோம்.

பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்

சுமார் 18 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட இப்படம் அமெரிக்காவில் மட்டும் 3.3 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. திகில் படம் என்றாலே ஒதுக்கிவைக்கும் ஆஸ்கர் குழு, கேரியாக நடித்த சிசி ஸ்பேசெக்கை சிறந்த நடிகைக்கும் பைப்பர் லாரியைச் சிறந்த துணை நடிகைக்கும் பரிந்துரைத்தது. ரோஜர் ஈபர்ட், பாலின் கேல் போன்ற முன்னணி விமர்சகர்கள் பாராட்டினார்கள். படம் முடிந்துவிட்டது என்று மூச்சுவிடும் நேரத்தில், கல்லறைக் கல் குவியலுக்குள்ளிருந்து ஒரு கை சட்டென்று வெளிவந்து சூவின் கையைப் பற்றும் கடைசிக் காட்சி, பார்வையாளர்களை இருக்கையிலிருந்து துள்ளவைத்தது. அந்தக் கை வேறு ஒருவருடையதாக இருக்கக்கூடாது என்று வற்புறுத்தி, ஸ்பேசெக் தானே மண்ணுக்கடியில் படுத்துக்கொண்டார். அந்த உத்தியைப் பின்னர் வந்த எத்தனையோ திகில் படங்கள் எடுத்துக்கொண்டன.

வசூல் கணக்கைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. மாதவிடாயில் தொடங்கும் ஒரு பெண்ணின் கதையை, திகில் படங்களுக்குப் பெரிதும் வந்த இளைஞர் கூட்டம், அதிலும் பையன்கள், ஏன் தங்கள் கதையாக ஏற்றுக்கொண்டார்கள்? 1981ஆம் ஆண்டு வெளியான தம் கட்டுரை நூலில் கிங் இதைத் தொட்டுப் பேசுகிறார். பெண்கள் தங்கள் ஆற்றலைக் கண்டடையும் வழியையும், பெண்களைக் குறித்து ஆண்களுக்கு இருக்கும் அச்சத்தையும் பற்றிய கதை இது என்று சொல்லும் அவர், விளையாட்டு வகுப்பில் கால்சட்டையை இழுத்துவிட்டு அவமானப்படுத்தப்பட்ட எந்த மாணவனும் கேரியின் பழிவாங்கலை மனத்தில் வரவேற்பான் என்ற பொருளிலும் எழுதினார். கேரல் குளோவர் என்ற அறிஞர் 1992இல் எழுதிய திகில் பட ஆய்வு நூல் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. திரையில் துன்புறும் பெண்ணை ஆண் பார்வையாளன் வெளியே நின்று ரசிக்கிறான் என்ற பொதுக் கருத்தை அவர் மறுத்தார். அவன் அவளாகவே மாறி அஞ்சுகிறான், அவளாகவே மாறித் திருப்பி அடிக்கிறான் என்பது அவருடைய வாதம்.

எல்லாரும் இதை ஏற்கவில்லை. பெண்ணின் உடலையும் ரத்தத்தையும் அருவருப்புக்கும் அச்சத்துக்கும் உரியதாகக் காட்டும் நீண்ட மரபில்தான் இந்தப் படமும் நிற்கிறது என்று பார்பரா கிரீட் 1993இல் எழுதினார். படம் கேரியை விடுவிக்கவில்லை, அவளுடைய பருவத்தையே பேராபத்தாகக் காட்டிவிட்டு அவளைப் புதைத்துவிடுகிறது என்ற குறையும் பெண்ணிய ஆய்வாளர்களிடமிருந்து எழுந்தது. இரு தரப்பும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகின்றன என்பது என் கருத்து. குளோவர் சொல்வது இருக்கையில் நடந்தது. கிரீட் சொல்வது திரையில் இருப்பது. தொடக்கக் காட்சியில் கேமரா குளிக்கும் பெண்களின் உடல்மீது மெதுவாகத் தவழ்வதைப் பார்க்கும்போது கிரீட் சொல்வது சரி என்றே தோன்றுகிறது. விளக்கு வெடிக்கும்போதோ நாம் கேரியின் பக்கம் வந்துவிட்டிருக்கிறோம். இந்த இரண்டையும் ஒரே காட்சிக்குள் வைத்திருப்பதால்தான் ஐம்பது ஆண்டுகளாக இதைப் பற்றி வாதிட முடிகிறது. 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத் தகுந்த படங்களின் தேசியப் பதிவேட்டில் 'கேரி'யையும் சேர்த்தது.

அரங்கு இரண்டாகப் பிரிந்தபோது

எல்லாப் படத்துக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. 2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் இயக்குநர் விருதைப் பெற்று, அடுத்த ஆண்டு திரையரங்குக்கு வந்த ராபர்ட் எகர்ஸின் 'தி விட்ச்' நல்ல எடுத்துக்காட்டு. 1630களில், ஊரிலிருந்து விலக்கப்பட்டு நியூ இங்கிலாந்துக் காட்டோரம் குடியேறும் பியூரிட்டன் என்ற கடுமையான கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூத்த மகள் தாமசின். அவள் கண்ணை மூடித் திறந்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கைக்குழந்தை மறைந்துபோகிறது. பயிர் பொய்க்கிறது. மகள் பெரியவளாகிவிட்டாள், வேறொரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று பெற்றோர் இரவில் பேசிக்கொள்கிறார்கள். வீட்டில் நேரும் ஒவ்வொரு கேட்டுக்கும் அவளே காரணம் என்று எல்லாரும் சொல்லச் சொல்ல, அவள் முன் திறந்திருப்பது காடு மட்டும்தான் என்றாகிறது.

விமர்சகர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் இதைப் பாராட்டினார்கள். 'கேரி'யை எழுதிய கிங்கும் இது தம்மை நடுங்க வைத்ததாகச் சொன்னார். ஆனால் முதல் நாள் பார்த்தவர்கள் தந்த மதிப்பீடு 'சி மைனஸ்'. இந்த மதிப்பெண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம், படம் வெளியாகும் நாளில் திரையரங்குகளுக்கு வந்தவர்களிடம் சீட்டுக் கொடுத்து, ஏ பிளஸ் முதல் எஃப் வரை மதிப்பிடச் சொல்கிறது. முதல் நாளே வருபவர் விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர். ஆகவே அந்தச் சீட்டு, வந்தவர் எதிர்பார்த்தது கிடைத்ததா என்பதை அளக்கிறது. படத்தின் தரத்தை அது நேராக அளப்பதில்லை. நொடிக்கு நொடி துள்ளவைக்கும் படம் என்று நம்பி வந்தவர்களுக்கு, பழங்கால ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு மெல்ல மெல்லச் சிதையும் ஒரு குடும்பத்தின் துயரம் கிடைத்தது. இருந்தும் சுமார் 40 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகெங்கும் சேர்த்து அதைப்போல் பத்து மடங்கு ஈட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விளம்பரம் தவறான கூட்டத்தை அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2009 செப்டம்பரில் வந்த 'ஜெனிஃபர்ஸ் பாடி'யைவிடத் தெளிவான சான்று கிடையாது. இயக்கியவர் காரின் குசாமா. எழுதியவர், முதல் திரைக்கதைக்கே ஆஸ்கர் பெற்றிருந்த டியாப்லோ கோடி. மினசோட்டாவில் ஒரு சிற்றூர். சிறு வயது முதல் பிரியாத இரண்டு தோழிகள். புகழுக்கு ஆசைப்பட்ட ஓர் இசைக்குழுவினர் ஜெனிஃபரைக் காட்டுக்குக் கொண்டுபோய், கட்டிப்போட்டு, கேலியாகப் பாட்டுப் பாடிக்கொண்டே கத்தியால் குத்திச் சாத்தானுக்குப் பலி கொடுக்கிறார்கள். அவள் பேயாகத் திரும்பி வந்து பையன்களைத் தின்கிறாள். அவளைத் தடுக்க வேண்டிய நிலை உயிர்த்தோழி நீடிக்கு வருகிறது. நட்பு, பொறாமை, துரோகம் ஆகியவற்றை அறிந்த பதின்வயதுப் பெண்களுக்காக எடுத்த படம் இது. விளம்பரமோ நடிகை மேகன் ஃபாக்ஸின் கவர்ச்சியை முன்னிறுத்தி இளைஞர்களைக் கூப்பிட்டது. அவர்களுக்கு வேண்டியது படத்தில் இல்லை; யாருக்காகப் படம் எடுக்கப்பட்டதோ அவர்கள் சுவரொட்டியைப் பார்த்தே ஒதுங்கிக்கொண்டார்கள். முதல் வார இறுதியில் வசூல் 70 லட்சம் டாலரை எட்டவில்லை. விளம்பரம் தாங்கள் எடுத்த படத்தைச் சொல்லவில்லை என்று இயக்குநரும் எழுத்தாளரும் பின்னர் பலமுறை வருந்திச் சொன்னார்கள்.

2017ஆம் ஆண்டு அக்டோபரில் 'மீ டூ' இயக்கம் எழுந்த பிறகு அதே காட்சிகள் வேறாகத் தெரிந்தன. கட்டிப்போட்ட பெண்ணைச் சுற்றி நின்று ஆண்கள் சிரிக்கும் அந்தப் பலிக் காட்சியை ஆரம்பத்தில் பலர் வெறும் வேடிக்கையாகப் பார்த்தார்கள். இப்போது அது படத்தின் நெஞ்சாகத் தெரிந்தது. பேயாக மாறியவளுக்கு முதலில் என்ன இழைக்கப்பட்டது என்பதைக் கேட்கப் பார்வையாளர்கள் ஆயத்தமாக எட்டு ஆண்டுகள் ஆயின. படத்தில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை என்பதை நினைக்கும்போது, வரவேற்பு என்பது பார்ப்பவர் வாழும் காலத்தையும் சேர்த்தே அமைகிறது என்பது விளங்குகிறது.

காலம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 1999 ஏப்ரலில் கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியிலும், அதற்கு எட்டு நாள் கழித்துக் கனடாவின் டேபர் ஊர்ப் பள்ளியிலும் பதின்வயதினரே துப்பாக்கியால் மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நேரத்தில் கனடாவில் 'ஜிஞ்சர் ஸ்னாப்ஸ்' என்ற படம் எடுக்க ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. முதல் மாதவிடாய் வந்த இரவில் ஒரு பெண்ணை ஓநாய் போன்ற விலங்கு கடிக்கிறது. அவளும் மெல்ல விலங்காகிறாள். தங்கை அவளைக் காப்பாற்றத் திணறுகிறாள். பதின்வயதினர் வன்முறையைக் காட்டும் கதைக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுத்துத் தர மாட்டோம் என்று டொரண்டோவின் நடிகர் தேர்வாளர்கள் மறுத்தார்கள். இதற்குப் பொதுப் பணம் போகலாமா என்று செய்தித்தாள்கள் கேட்டன. துக்கத்தில் இருந்த ஒரு நாட்டில் அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனாலும் படம் எடுக்கப்பட்டது. உடலெங்கும் முடி முளைக்கிறது, வலி தாங்கவில்லை என்று முறையிடும் அக்காவிடம், பள்ளிச் செவிலி மலர்ந்த முகத்தோடு இதெல்லாம் இயல்புதான் என்று சொல்லி அனுப்பும் காட்சி, இவ்வகைப் படங்கள் அனைத்திலும் உள்ள மிகத் துல்லியமான காட்சிகளுள் ஒன்று. திரையரங்கில் தவறவிட்டவர்கள் வீடியோவிலும் தொலைக்காட்சியிலும் அதைக் கண்டுகொண்டார்கள். 2004இல் இன்னும் இரண்டு பாகங்கள் வரும் அளவுக்கு அதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்தது.

இவ்வகையோடு சேர்த்துப் பேசப்படும் படங்களில் பெரும் வசூல் கண்டது, 2017இல் வந்த 'இட்'. கிங்கின் நாவல்தான் அதற்கும் மூலம். உலகெங்கும் 70 கோடி டாலர் ஈட்டியது. ஒரு கோமாளியின் உருவில் வரும் தீமையை எதிர்த்துச் சிறுவர்கள் ஒன்றுசேரும் கதை அது. விரும்பிப் பார்க்கத்தக்க படம். ஆனால் தீமை அங்கே சாக்கடைக்குள் இருக்கிறது, சிறுவர்களுக்குள் இல்லை. நாம் அஞ்சுவது ஓர் ஆளுக்கு, இரங்குவது வேறு ஆட்களுக்கு. கூட்டம் பிரியாமல் ஒரே முகமாகக் கைதட்டியதற்கு அதுவே முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கே தொடங்குவது

புதிதாகப் பார்க்க விரும்புபவர் 'கேரி'யில் தொடங்கலாம். வயது வந்தவர்களுக்கான படம் அது, தொடக்கக் காட்சியில் நிர்வாணமும் பின்பகுதியில் கடும் வன்முறையும் உண்டு என்பதை மட்டும் அறிந்திருக்க வேண்டும். அடுத்து, 2008இல் வந்த 'லெட் தி ரைட் ஒன் இன்' என்ற ஸ்வீடன் நாட்டுப் படத்தைப் பரிந்துரைக்கிறேன். 1980களின் தொடக்கத்தில், பனி மூடிய ஸ்டாக்ஹோம் புறநகர் அடுக்ககம் ஒன்றில், பள்ளியில் அடிபட்டுக் கூனிக்குறுகும் 12 வயது ஆஸ்கருக்கும், பக்கத்து வீட்டுக்கு வந்த ரத்தக்காட்டேரியான ஏலிக்கும் ஏற்படும் நட்பே கதை. அமெரிக்காவில் அது குறுந்தகடாக வந்தபோது வசனங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சுருக்கி, அதன் மென்மையைக் கெடுத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் சினந்தார்கள். திரையரங்கில் வந்த வரிகளையும் குறுந்தகட்டின் வரிகளையும் அருகருகே வைத்துக் காட்டி முறையிட்டார்கள். அடுத்த பதிப்பில் பழைய வரிகளையே சேர்ப்பதாக வெளியீட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒரு ரத்தக்காட்டேரிக் குழந்தையின் பேச்சில் இரண்டு சொல் குறைந்ததற்காக அவ்வளவு பேர் வாதாடினார்கள். ஆகவே அந்தப் படத்தைத் தேடும்போது, திரையரங்கு மொழிபெயர்ப்பு உள்ள பதிப்பா என்று உறையிலோ விவரக் குறிப்பிலோ பார்த்து எடுக்க வேண்டும். 'தி விட்ச்' படத்தை அதற்குப் பிறகு, வசன வரிகளைத் திரையில் ஓடவிட்டு, இரவில் விளக்கை அணைத்துப் பார்க்கலாம். அதில் பேசப்படும் ஆங்கிலம் பெரிதும் அக்காலத்து நாட்குறிப்புகளிலிருந்தும் நீதிமன்றப் பதிவுகளிலிருந்தும் எடுக்கப்பட்டது. ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களுக்கும் காதால் மட்டும் கேட்டு முழுவதையும் பிடிப்பது கடினம்.